சீனாவைப் பிரிக்கும் மூன்று கோடுகள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் புராஜெக்டில் சீனாவிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெய்ஜிங், இன்னொருவர் ஷாங்காய். இருவருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. ஜனவரி மாத வீடியோ கால்களில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெய்ஜிங்காரர் அரைக்கை டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருப்பார். ஷாங்காய்க்காரர் வீட்டுக்குள்ளேயே தடிமனான ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் சுடுதண்ணீர்க் கோப்பையை இறுகப் பிடித்திருப்பார். வானிலையைப் பார்த்தால் பெய்ஜிங்கில் பூஜ்யத்துக்கும் கீழே, ஷாங்காயில் மேலே. அதிகக் குளிர் உள்ள ஊர்க்காரர் டி-ஷர்ட்டில், குறைந்த குளிர் உள்ள ஊர்க்காரர் ஜாக்கெட்டில். தலைகீழாக இருக்கே!

ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் கோட்டுக்குத் தெற்கே இருக்கேன், எங்களுக்கு ஹீட்டிங் கிடையாது" என்றார் சிரித்துக்கொண்டே.

என்ன கோடு அது என்று தேடப் போய், சீனாவின் பிராந்தியங்களைப் பற்றிப் பல மாதங்கள் படிக்கும்படி ஆகிவிட்டது. அந்தக் குறிப்புகளின் சுருக்கம்தான் இந்தப் பதிவு. சீனாவை மாகாணம் மாகாணமாகப் படித்தால் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களில் தொலைந்துபோவோம். மூன்று கோடுகளாகப் படித்தால் ஓரளவு பிடிபடும். ஒன்றை வரைந்தது மழை. இன்னொன்றை மழையும் அரசும் சேர்ந்து வரைந்தன. மூன்றாவதை முழுக்க முழுக்க அரசே வரைந்தது. ஷாங்காய் நண்பர் சொன்னது இரண்டாவது கோடு. அதற்கு முன் அதைவிடப் பெரிய முதல் கோட்டைப் பார்த்துவிடுவோம்.

முதல் கோடு: 94-க்கு 6

ஹு ஹுவான்யோங் என்ற புவியியலாளர் 1935-இல் சீனாவின் மக்கள்தொகை வரைபடம் ஒன்றை வெளியிட்டார். கணினி இல்லாத காலம். கிடைத்த உள்ளூர்க் கணக்குகளைத் திரட்டி, இருபதாயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று கையால் வைத்துக்கொண்டே போனார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். வைத்து முடித்துப் பார்த்தபோது புள்ளிகள் எல்லாம் வலதுபக்கக் கீழ்மூலையில் குவிந்து கிடந்தன. வடகிழக்கில் ரஷ்ய எல்லையோரம் இருக்கும் ஐஹுய்யிலிருந்து (இன்றைய ஹெய்ஹே) தென்மேற்கில் பர்மா எல்லையோரம் இருக்கும் தெங்சோங் வரை சாய்வாக ஒரு நேர்க்கோடு போட்டார். கோட்டுக்குத் தென்கிழக்கே 36 சதவீத நிலம், 96 சதவீத மக்கள். வடமேற்கே 64 சதவீத நிலம், 4 சதவீத மக்கள். (அவர் கணக்கில் மங்கோலியாவும் சேர்த்தி. இன்றைய எல்லைப்படி தென்கிழக்கின் பங்கு சுமார் 43 சதவீத நிலம்.)

அதற்குப் பிறகு நடந்தவற்றை யோசித்துப் பாருங்கள். ஜப்பானியப் படையெடுப்பு, உள்நாட்டுப் போர், கம்யூனிஸ்ட் ஆட்சி, பெரும் பஞ்சம், கலாச்சாரப் புரட்சி, பொருளாதாரத் திறப்பு, அதிவேக ரயில். மக்கள்தொகை 140 கோடியாகிவிட்டது. விகிதமோ இன்றும் ஏறத்தாழ 94-க்கு 6!

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மக்கள்தொகை கிரிட் டேட்டாவை இறக்கி, இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அதே பக்கம்தான் வந்து நின்றது. தொண்ணூறு வருடம் தாங்கும் மாதிரியை எங்கள் துறையில் நான் பார்த்ததே இல்லை.

காரணம் எளிது. இந்தக் கோடு, ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெறும் இடங்களை இணைக்கும் கோட்டை ஒட்டியே போகிறது. கிழக்கே கடலிலிருந்து வரும் பருவக்காற்று அந்த இடத்துக்கு வரும்போது ஈரத்தையெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கும். அதற்கு அப்பால் மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்வது கஷ்டம். அங்கே புல்வெளி, பாலைவனம், திபெத்தியப் பீடபூமி. ஆகவே கிழக்கே உழவு, மேற்கே மேய்ச்சல். சீனப் பெருஞ்சுவரின் பல பகுதிகளும் இந்த உழவு-மேய்ச்சல் எல்லையை ஒட்டித்தான் நிற்கின்றன.

கோட்டை உடைக்க அரசு முயற்சி செய்யாமல் இல்லை. 2000-ஐ ஒட்டி 'மேற்குப் பகுதி வளர்ச்சித் திட்டம்' என்று பெரும் பணத்தைக் கொட்டியது. 2014-இல் பிரதமர் லீ கச்சியாங்கே, "இந்தக் கோட்டை எப்படி உடைப்பது?" என்ற பொருளில் நிபுணர்களிடம் கேட்டார். இதுவரை நடந்ததைப் பார்த்தால், மக்கள் கோட்டைத் தாண்டிப் பெரிய அளவில் மேற்கே போகவில்லை. மேற்கில் இருக்கும் பொருள்தான் கோட்டைத் தாண்டிக் கிழக்கே வருகிறது. சின்ஜியாங்கின் தாரிம் படுகையிலிருந்து ஷாங்காய்க்கு சுமார் 4,000 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2004-இல் ஓட ஆரம்பித்தது. சின்ஜியாங்கிலிருந்து ஆன்ஹுய் மாகாணத்துக்கு 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான 1,100 கிலோவோல்ட் மின்பாதை 2019-இல் வந்தது. எரிபொருள் அங்கே, ஆள் இங்கே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் வெள்ளையாகத் தெரிவதால் மேற்கு 'காலி' என்று நினைத்துவிடுவது சுலபம். சின்ஜியாங் மட்டுமே இந்தியாவில் பாதி அளவு. அங்கே 2020 கணக்கெடுப்புப்படி சுமார் 2.6 கோடிப் பேர்: உய்குர்கள், ஹான்கள், கசாக்குகள், இன்னும் பலர். 140 கோடியில் இது சிறு எண். ஆனால் அந்தச் சோலைவன ஊர்கள் பல நூற்றாண்டாக அவர்களுடையவை. 1954-இல் அங்கே 'உற்பத்தி, கட்டுமானப் படை' என்ற அரை-ராணுவ அமைப்பை ஏற்படுத்தி, கிழக்கிலிருந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். 1950-களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஹான் மக்கள் 2020-இல் 42 சதவீதம். சீனப் பருத்தியில் பெரும்பகுதி இன்று அங்கேதான் விளைகிறது. 2017 முதல் உய்குர்கள் மீது நடந்த பெருமளவுத் தடுப்புக்காவல் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் அறிக்கையில் சொன்னது. ஹு கோடு அசையவில்லை என்பது நாடு முழுவதற்குமான சராசரிக் கதை. அந்த 6 சதவீதத்துக்குள் இருப்பவருக்கு எல்லாமே அசைந்துவிட்டது.

இரண்டாவது கோடு: கோதுமையும் அரிசியும்

இப்போது அந்த 94 சதவீதப் பேர் வாழும் கிழக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதை வடக்கு, தெற்கு என்று பிரிப்பது சின்லிங் மலைத்தொடரும் ஹுவாய் ஆறும். பெய்ஜிங்கும் மஞ்சள் ஆற்றுச் சமவெளியும் வடக்கில் சேரும். ஷாங்காய் இருக்கும் யாங்சே படுகை தெற்கில் சேரும். இதுவும் அடிப்படையில் மழைக்கோடுதான். ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழைக்கோடும், ஜனவரியில் சராசரி வெப்பம் பூஜ்யம் டிகிரியாக இருக்கும் கோடும் இதை ஒட்டியே போகின்றன. வடக்கே கோதுமை, ஆகவே நூடுல்ஸ், மாவு உருண்டை, ரொட்டி. தெற்கே நெல், ஆகவே சோறு. ஹுவாய்க்குத் தெற்கே ஆரஞ்சாகக் காய்ப்பது வடக்கே நட்டால் கசப்புக் காயாகிவிடும் என்று அந்த நாட்டில் பழைய பேச்சு ஒன்றுகூட உண்டு.

பயிர் மாறினால் மனிதர்களும் மாறுவார்களா? தாமஸ் டால்ஹெல்ம் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹான் மாணவர்களிடம் சின்னச் சின்னச் சோதனைகள். ரயில், பஸ், தண்டவாளம்: இதில் எந்த இரண்டு சேரும்? கோதுமைப் பகுதி மாணவர்கள் ரயிலையும் பஸ்ஸையும் சேர்க்கும் சாய்வு அதிகம், இரண்டும் வாகனம் என்பதால். நெல் பகுதி மாணவர்கள் ரயிலையும் தண்டவாளத்தையும் சேர்க்கும் சாய்வு அதிகம், இரண்டுக்கும் உறவு இருப்பதால். அவர்கள் சொல்லும் விளக்கம்: நெல்லுக்கு வாய்க்கால் வேண்டும். என் வயலுக்குத் தண்ணீர் வர பக்கத்து வயல்காரன் மடை திறக்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படி வாழ்ந்தவர்களுக்கு உறவுதான் முதலில் கண்ணில் படும். டெல்டா பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படிக்கும்போதே "இது ரொம்பச் சுலபமாப் போயிடுச்சே" என்று தோன்றியது. பலரும் அப்படித்தான் கேட்டார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் வித்தியாசம் பயிர் மட்டுமா? பேச்சு, தட்பவெப்பம், வரலாறு எல்லாமே வேறு. அதற்கு 2024-இல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்திருந்தது. வடக்கே நிங்சியாவில் இரண்டு அரசுப் பண்ணைகள், ஒரே வட்டாரத்தில். 1950-களில் குடியேறியவர்களை அரசே பிரித்து அனுப்பியது. யாருக்கு எந்தப் பண்ணை என்பது அவரவர் விருப்பத்தில் இல்லை. ஒன்றில் நெல், இன்னொன்றில் கோதுமை. அங்கேயும் அதே திசையில் வித்தியாசம் தெரிந்தது. வித்தியாசங்கள் சராசரியில்தான், ஒரு தனி மனிதரைப் பற்றி இது எதையும் சொல்லாது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் நிங்சியா வடக்கு. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் வடக்கிலும் நெல் விளையும், கூடவே நெல் ஊரின் பழக்கமும் விளையும் போல.

இயற்கை அங்கே கோடு எதுவும் கிழிக்கவில்லை. கோதுமை ஊர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெல் ஊர்களாக மாறிக்கொண்டே போகும் ஓர் அகலமான பட்டை அது. ஜியாங்சு மாகாணத்தில் ஹுவாய்ஆன் என்ற நகரில் வடக்கு-தெற்கு எல்லைச் சின்னம் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். அதைத் தாண்டி இரண்டு அடி நடந்தால் எதுவும் மாறப்போவதில்லை.

பட்டை கோடானபோது

மாறியது எப்போது என்றால், 1950-களில் அரசு குளிர்கால ஹீட்டிங் திட்டத்தை வகுத்தபோது. நாட்டில் நிலக்கரி போதாது, பணமும் போதாது. எல்லாருக்கும் கொடுக்க முடியாது. எங்காவது நிறுத்தியாக வேண்டும். வடக்கே கொடுப்போம், தெற்கே வேண்டாம் என்று முடிவானது. எல்லை, தோராயமாக ஹுவாய்-சின்லிங். வடக்கே நகரங்களில் பெரிய பாய்லர்கள், வீட்டுக்கு வீடு சுடுநீர்க் குழாய். கரி இலவசம் அல்லது மானியம். பெய்ஜிங்கில் நவம்பர் 15-இல் திறந்து மார்ச் 15-இல் மூடுவார்கள். பல வீடுகளில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. புழுங்கினால் ஜன்னலைத் திறக்க வேண்டியதுதான். டி-ஷர்ட் ரகசியம் இதுதான். தெற்கே அந்தக் குழாயே கிடையாது. ஏசி, மின்கம்பளி, ஜாக்கெட்.

இதைப் படித்தபோது தெற்குக்காரர்கள்மேல்தான் எனக்குப் பரிதாபம் வந்தது. அடுத்து படித்தது அதைத் திருப்பிப் போட்டது.

சென், எபென்ஸ்டைன், கிரீன்ஸ்டோன், லீ என்ற நான்கு ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு கேள்வி கேட்டார்கள். கோட்டுக்குச் சற்று வடக்கே உள்ள நகரங்களுக்கும் சற்றுத் தெற்கே உள்ள நகரங்களுக்கும் தட்பவெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: வடக்கே அரசு கரி எரிக்கிறது. அப்படியானால் கோட்டைத் தாண்டும்போது காற்றும் ஆயுளும் திடீரென்று மாறுகின்றனவா? எங்கள் துறைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது யாரும் திட்டமிடாமல் பல பத்தாண்டு ஓடிய ஓர் ஏ/பி டெஸ்ட். பங்கேற்றவர்கள் பல கோடிப் பேர், யாருக்கும் தெரியாமல்.

அவர்களுக்குக் கிடைத்த விடை: வடக்கே காற்றில் தூசித்துகள் சுமார் 55 சதவீதம் அதிகம், சராசரி ஆயுள் சுமார் ஐந்தரை வருடம் குறைவு. இதயமும் நுரையீரலும் சார்ந்த இறப்புகளே காரணம்.

ஐந்தரை வருடம் என்பது பயங்கரமான எண். அதனாலேயே சந்தேகப்படவும் வேண்டும். ஆண்ட்ரூ கெல்மன் என்ற புள்ளியியல் பேராசிரியர் சந்தேகப்பட்டார். டேட்டாவுக்குள் அவர்கள் பொருத்திய முப்படி வளைவு, கோட்டுக்கு அருகே வரும்போது தன்னிச்சையாக வளைந்து இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டக்கூடும் என்றார். மாடல் பொருத்திப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வியாதி தெரியும். பிறகு 2017-இல் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் புதிய தரவு, கூடுதல் நகரங்களோடு திரும்ப வந்தார்கள். இந்த முறை: நுண்துகள் 46 சதவீதம் அதிகம், ஆயுள் 3.1 வருடம் குறைவு. எண் இறங்கியது, திசை மாறவில்லை. சரியான எண் எது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஓரிரு வருடம் என்றே வைத்துக்கொண்டாலும், வடக்கே இருப்பவர்கள் பல பத்துக் கோடிப் பேர்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. குளிரில் விறைக்கும் மக்களுக்குச் சூடு கொடுத்தது நல்ல நோக்கம். எல்லாருக்கும் இல்லாதபோது எங்காவது நிறுத்துவதும் நியாயம். ஆனால் கரி ஒருபக்கம் இலவசமாகக் குவிந்ததில் பாய்லரும் பழக்கமும் அதைச் சுற்றியே வளர்ந்துவிட்டன. சூடும் புகையும் ஒரே குழாயில் வந்தன.

திருத்தப் போனதும் சுலபமாக முடியவில்லை. 2017 குளிர்காலத்தில் பெய்ஜிங்கைச் சுற்றிய பகுதிகளில் கரிக்குப் பதில் எரிவாயு, மின்சாரம் என்று வேகவேகமாக மாற்றினார்கள். ஹெபெய் மாகாணத்தின் சூயாங் மாவட்டத்தில் சில தொடக்கப்பள்ளிகளில் கரி பாய்லரை எடுத்துவிட்டார்கள், மாற்று ஏற்பாடு தயாராகவில்லை. வகுப்பறையைவிட வெளியே வெயில் இதமாக இருந்ததால் குழந்தைகள் மைதானத்தில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். சீனப் பத்திரிகையிலேயே இந்தச் செய்தி வந்தது. மாற்று வராத இடங்களில் பழையபடி கரியே எரிக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் இறங்கி வந்தது. பிந்தைய வருடங்களில் பெய்ஜிங் காற்று கண்கூடாகத் தெளிந்தது உண்மை. அந்த டிசம்பர் மாத மைதானமும் உண்மை.

இதே கோட்டைத் தண்ணீரும் தாண்டுகிறது. வடக்குச் சமவெளியில் ஆள் அதிகம், தண்ணீர் குறைவு. ஹான் ஆற்றின் தான்ஜியாங்கோவ் நீர்த்தேக்கத்திலிருந்து மஞ்சள் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் பெய்ஜிங் வரை கால்வாய் 2014 டிசம்பரில் திறந்தது. அதற்காக அணையை உயர்த்தியபோது 3 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். பெய்ஜிங்கில் குழாயைத் திறப்பவர் குடிப்பது தெற்கின் தண்ணீர்.

மூன்றாவது கோடு: கையோடு வருவது

முதல் இரண்டு கோடுகளும் நிலத்தின் மேல். மூன்றாவது கோட்டை மனிதர்கள் தங்களோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெயர் ஹுகோவ். 1958 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு ஊர். நம் ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் அதில் கட்டிவைத்த மாதிரி.

இதைப் புரிந்துகொள்ள நாட்டின் இரண்டு மூலைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங், ஜிலின், லியாவ்நிங். டாச்சிங் எண்ணெய், எஃகு, கனரக இயந்திரம். மாவோ காலத்தில் தொழில் சீனா என்றால் அதுதான். 1990-களில் அரசு ஆலைகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பின. 2010-க்கும் 2020-க்கும் இடையே அந்த மூன்று மாகாணங்களும் சேர்ந்து சுமார் 1.1 கோடிப் பேரை இழந்தன. எதிர்மூலையில் குவாங்டோங்: ஏற்றுமதி ஆலைகள், ஷென்சென், 12.6 கோடி மக்கள். மற்ற மாகாண இளைஞர்கள் அங்கே போய் வேலை செய்தார்கள், அங்கேயே ஓய்வூதியச் சந்தா கட்டினார்கள். சந்தா குவாங்டோங் நிதியில் சேர்ந்தது. அவர்களை வளர்த்த பெற்றோரின் ஓய்வூதியமோ ஹெய்லோங்ஜியாங் நிதியிலிருந்து. 2016-இல் அந்த நிதியின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. மாகாணங்களுக்கு இடையே சமன் செய்யும் மத்திய நிதி 2018-இல் வந்தது. நாடு தழுவிய ஏற்பாடு 2022-இல். அறுபது எழுபது வருடம் 'ஒரே நாடு' என்று சொன்ன அரசுக்கு, பெற்றோரையும் பிள்ளையையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுத அவ்வளவு காலம் ஆனது.

2020-இல் பதிவு ஊரை விட்டு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 37.6 கோடி. அவர்களில் பலரின் குழந்தைகள் தாத்தா பாட்டியோடு ஊரிலேயே தங்கினார்கள். கூடவே அழைத்துப் போனாலும், கல்லூரி நுழைவுத்தேர்வுக்குப் பதிவு மாகாணத்துக்கே திரும்ப வேண்டிய நிலை பலருக்கு. விதிகள் தளர்ந்து வருகின்றன. சிறு நகரங்களில் சுலபம், பெய்ஜிங், ஷாங்காயில் இன்னும் கடினம். ஆக, வேலைக்குக் கோடு கிடையாது, பிள்ளையின் பள்ளிக்கு உண்டு.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மழை எங்கும் கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதில்லை, மெல்லக் குறையும். மக்களும் அதற்கேற்ப மெல்லப் பழகிக்கொள்வார்கள். நிர்வாகத்துக்கு அது முடியாது. அதற்கு 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே விடைகள். எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டவர் மறந்துவிடுவார், கோடு இருந்துகொண்டே இருக்கும். இருபது வருடமாகக் கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கே இது கொஞ்சம் சுடத்தான் செய்கிறது. எத்தனை 'இஃப்' நிபந்தனைகளை அவசரத்தில் எழுதிவிட்டு, அதற்கு மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன்!

போன குளிர்காலத்தில் ஷாங்காய் நண்பரிடம் மறுபடி பேசினேன். இந்த ஆயுள் ஆய்வைச் சொன்னேன். ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டே, "அப்போ இது எனக்கு மூணு வருஷம் போனஸா?" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என் மனைவியோட அப்பா அம்மா வடக்கேதான் இருக்காங்க" என்றார்.